கிளி கடிக்கிற பொம்மைக்கு எந்தச் சாயம் போடலாம்

கிளிக்குப் பொம்மை செய்வதில் மரம் அறுப்பது, துளை போடுவது, கோத்துக் கட்டுவது எல்லாம் ஒரு மாலை நேர வேலை. நிறம் என்று வந்தால்தான் தலை சுற்றுகிறது. கடையில் தொங்கும் பொம்மைகள் கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, மிட்டாய்ச் சிவப்பு என்று கண்ணைப் பறிக்கின்றன, ஆனால் எந்தச் சாயத்தில் தோய்த்தார்கள் என்று அட்டையில் ஒரு வரி கூட இருக்காது, விலையும் சும்மா இல்லை, எங்கள் வீட்டுச் சன் கொன்யூர் கிளி அதைச் சில நாளில் தூள் தூளாக்கிக் கூண்டின் அடியில் போட்டுவிட்டு அடுத்தது எங்கே என்று கத்தும். கூடவே காக்கடீல் வகைக் கிளி ஒன்று, அது கொஞ்சம் சாது. மலேசியாவில் பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, வேலை எல்லாம் பால்கனியிலும் அடுப்படியிலும்தான். அந்த வசதிக்குள் என்ன செய்ய முடிந்தது, எந்தச் சாயத்தை ஏன் ஒதுக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். சன் கொன்யூர் 100 முதல் 120 கிராம், காக்கடீல் 80 முதல் 100 கிராம். 60 கிலோ ஆளோடு ஒப்பிட்டால் 100 கிராம் பறவை 600 மடங்கு சிறிய உடம்பு. நமக்கு ஒன்றும் செய்யாத ஒரு துளி அதற்கு எவ்வளவு பெரிய துளி என்று யோசித்தாலே பாதிச் சாயங்கள் தானாகக் கழிந்துவிடும். இன்னொன்று, கிளி பொம்மையோடு 'விளையாடுவது' இல்லை, அதைத் தின்று துப்புகிறது. மரத்தைச் செதில் செதிலாக உரித்து வாயில் அரைக்கும், சிலதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு ஊறவைத்து மறுபடி எடுத்துக் கடிக்கும், கிண்ணத்தில் இறங்கிய நிறத்தைப் பிறகு அதே தண்ணீரோடு குடிக்கும். அதனால் சாயத்தைப் பார்த்து 'இது விஷமா இல்லையா' என்று கேட்பது எனக்குப் போதவில்லை. ஈரம் பட்டால் இதிலிருந்து என்ன இறங்கும், இறங்குவதை அது விழுங்கினால் பரவாயில்லையா என்றுதான் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

'நான்டாக்ஸிக்' என்று எழுதிய மார்க்கர், அக்ரிலிக் பெயின்ட், போஸ்டர் கலர் எல்லாம் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டன. அந்த வார்த்தை பள்ளிப் பிள்ளை கையில் பூசிக்கொள்வதையும் எப்போதாவது விரலைச் சப்புவதையும் மனதில் வைத்து எழுதப்படுவது. மலேசியாவில் விற்கும் பிள்ளைகள் பொம்மைகளில் எம்சி என்ற தர முத்திரை இருக்கும், அதன் பின்னால் உள்ள ஐஎஸ்ஓ 8124 தரத்தில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் உட்பட 8 தனிமங்கள் எவ்வளவு கசிகின்றன என்று பார்க்கும் ஒரு பகுதியே உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கு பிள்ளையின் உடம்புக்குப் போட்டது, நாள் முழுக்க மென்று தின்னும் நூறு கிராம் பறவைக்குப் போட்டது இல்லை. அக்ரிலிக் பெயின்டில் இன்னொரு வில்லங்கம், அது மரத்தின் மேல் பிளாஸ்டிக் தோலாகப் படியும், கிளி அந்தத் தோலைத்தான் முதலில் உரித்து விழுங்கும்.

துணிச்சாயமும் வேண்டாம். பத்திக், அதாவது மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் மலாய்த் துணி, அதற்கான கடைகளில் கண்ணைக் கவரும் நிறங்கள் கிடைக்கும், ஆனால் இங்கே கையால் வரையும் பத்திக்குப் பெரும்பாலும் ரெமசோல் வகைச் சாயம் போட்டு சோடியம் சிலிகேட் தடவித்தான் நிறத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். சிலிகேட் கடுமையான காரப்பொருள் (ஆல்கலி). துணியை அலசி அலசி அதை எடுத்துவிடலாம், மரத்துண்டின் உள்ளே போனதை எப்படி எடுப்பது?

பினாங்கு வீதிப் பக்கம் லிட்டில் இந்தியாவில் கோலப்பொடி பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. ஒரு கடையில் சும்மா விசாரித்தேன், கல்லாவில் இருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, இது தரையில போடுறது, வாயில போடுறது இல்ல" என்றார். அவ்வளவு தெளிவாக எந்த அட்டையும் சொன்னதில்லை. குங்குமமும் அப்படித்தான், சில குங்குமப் பொடிகளில் ஈயம் இருந்தது வெளிநாடுகளில் சோதனையில் தெரிந்து எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறது. நெற்றியில் வைப்பது வேறு, கிளி வயிற்றுக்குள் போவது வேறு.

மிஞ்சியது இரண்டு வழி. சாப்பாட்டுக் கலர், இல்லையென்றால் சாப்பிடும் பொருளிலிருந்து நாமே எடுக்கும் நிறம்.

சாப்பாட்டுக் கலரில் புட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். மலாயில் வெறுமனே 'பெவார்னா' (நிறமி) என்று இருந்தால் வைத்துவிடுவேன், 'பெவார்னா மக்கானான்' (உணவு நிறமி) என்று இருக்க வேண்டும். பல புட்டிகளில் 'பெவார்னா யாங் டிபெனார்கான்', அதாவது அனுமதிக்கப்பட்ட நிறமி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எந்த நிறமி என்று எண் இருக்காது. எண் போட்ட புட்டியைத்தான் தேடி எடுத்தேன். ஈ 102 டார்ட்ரசின் மஞ்சள், ஈ 133 பிரில்லியன்ட் ப்ளூ, ஈ 129 அல்லுரா சிவப்பு. ஈ 127 எரித்ரோசின் இருந்தால் எடுப்பதில்லை, அமெரிக்காவில் 2025 ஜனவரியில் உணவில் அதைப் போடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள், வேறு சிவப்பு இருக்கும்போது அது எதற்கு. பெயரில்லாத பொடிகளில் பயம் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கும், துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் மிட்டாயில் இருந்ததுதான் காரணம். பிள்ளைகள் தின்னும் மிட்டாயிலேயே அதைப் போடுகிறார்கள் என்றால், சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் ரோஸ் பொடியில் என்ன இருக்கும் என்று யார் சொல்வது? ஜெல் கலரும் வேண்டாம், அதில் சர்க்கரைப் பாகோ கிளிசரினோ சேர்ந்திருக்கும், மரம் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும், எறும்பு வரிசை கட்டிவிடும்.

இயற்கைச் சாயம் என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் கூடியது. வீட்டில் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் ரொம்பப் புகழும் பொருட்களை எடுத்துப் பாருங்கள்: அவகாடோ கொட்டையும் தோலும், வெங்காயத் தோல், தேயிலை, காப்பி. நான்குமே கிளிக்கு ஆகாதவை. அவகாடோவில் பெர்சின் என்ற நஞ்சு இருக்கிறது, அது பறவையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். வெங்காயம் ரத்த அணுக்களைக் கெடுக்கும். தேயிலையிலும் காப்பியிலும் கெஃபீன். அப்புறம் நிறம் பிடிக்க வைக்கப் போடும் உப்புகள். மயில் துத்தம் செம்பு விஷம், பக்கத்திலேயே வரக்கூடாது. படிகாரம் அவ்வளவு மோசமில்லை என்றாலும் மரத்துக்குள் அலுமினிய உப்பை ஏற்றிக் கிளிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை, அதையும் விட்டுவிட்டேன். நிறம் கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும்.

சாயத்தைவிட மரத்துக்கும் பாத்திரத்துக்கும்தான் எனக்கு அதிக நேரம் போனது. இங்கே மலிவாகக் கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் ரப்பர் மரம். அதில் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் சீக்கிரம் ஏறும் என்பதால் அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை உள்ளே ஏற்றிவிடுவார்கள். நாற்காலிக்குச் சரி, கிளி மெல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு தச்சரிடம் பைன் மிச்சத் துண்டுகள் வாங்கினேன், சரக்குப் பலகையிலிருந்து வந்தவை. அந்தப் பலகையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும், அதில் எச்டி என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எம்பி என்றால் மெத்தில் புரோமைட் வாயு அடித்தது. எச்டி மட்டும். அதிலும் எண்ணெய்க் கறையோ வாசமோ இருந்தால் வேண்டாம், பலகை மேல் என்ன சரக்கு ஏறி இறங்கியது என்று முத்திரை சொல்லாது. இதோடு கொட்டாங்குச்சி, மூங்கில், குருத்தோலை, கொஞ்சம் வெள்ளை நெட்டி (மாலை கட்டும் மெத்தென்ற செடித் தண்டு). நெட்டி கிளிக்குப் பிராணன், அலகு பட்டதும் பொசுக்கென்று உடையும். ஆனால் ஏற்கெனவே நிறம் ஏற்றிய நெட்டி மாலை வாங்கினால் பழைய கேள்வியே திரும்ப வரும், வெள்ளையாக வாங்குங்கள்.

பாத்திரத்தில் நான்ஸ்டிக் சட்டி கூடவே கூடாது. சாயத் தண்ணீர் வற்றி அடிச்சட்டி காய்ந்தால் டெஃப்லான் பூச்சிலிருந்து வரும் ஆவி பக்கத்து அறையில் இருக்கும் பறவையைக்கூடக் கொன்றுவிடும், இது கிளி வளர்க்கும் யாரும் மறக்கக்கூடாத விஷயம். பித்தளைப் பாத்திரத்தில் வினிகர் ஊற்றினால் செம்பு இறங்கும், அலுமினியமும் புளிப்போடு சேராது. எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை அம்மாவிடம் கேட்டேன், "அதுல அப்புறம் ரசம் வைக்க முடியுமாடா?" என்றார். மஞ்சளும் சங்குப்பூவும்தானே அம்மா என்றேன், கொடுத்தார்.

முதலில் மஞ்சள். பொடி எடுக்கவில்லை. பங்களாதேசில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் கலந்தது ஆராய்ச்சியில் வெளிவந்த பிறகு கிளி விஷயத்தில் பச்சைக் கிழங்கே நிம்மதி என்று தோன்றியது, சௌராஸ்தா சந்தையில் ஒரு கை நிறைய எடுத்தால் ஓரிரண்டு வெள்ளிதான் (ரிங்கிட்). துருவி, தண்ணீர் விட்டு அரைமணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். சக்கை தங்கினால் மரத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சைக்கு வீடாகிவிடும். மரத்துண்டுகளை முன்னாடியே வெந்நீரில் ஊறவைத்திருந்தேன், காய்ந்த மரத்தை நேராகப் போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சூட்டோடு போட்டு இரவு முழுக்க விட்டதில் பைன் நல்ல தங்க மஞ்சளாக வந்தது. இதற்கு ஒரு காரணம் உண்டு. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆனால் பருத்தி, மரம் மாதிரி செல்லுலோஸ் பொருளில் எந்த உப்பின் உதவியும் இல்லாமல் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் வெயிலில் வெளுத்துப் போகும், அதனால் காயவைப்பதும் நிழலில்தான்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். ஆரத்திக்கு ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அப்படியே சிவப்பு மரமும் கிடைத்துவிடுமே என்று. வேண்டாம். சுண்ணாம்பு காரம், வாயைப் புண்ணாக்கும், அந்தச் சிவப்பும் காரம் இருக்கும் வரைதான், கொஞ்ச நாளில் அழுக்கு மஞ்சளாகத் திரும்பிவிடும். இதே காரணத்தால் மஞ்சள் ஏற்றிய துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சிவந்து பயமுறுத்தும்.

நீலத்துக்குச் சங்குப்பூ, இங்கே புங்கா தெலாங் என்று கேட்டால் காய்ந்ததும் கிடைக்கும், எங்கள் மாடியில் ஒரு வீட்டு வாசலில் கொடியே ஓடுகிறது, கேட்டுப் பறித்துக்கொண்டேன். சீன-மலாய்க் கலப்பு நியோன்யா சமையலின் புலுட் தாய் தாய் பலகாரத்தில் நீலம் நீலமாக இருப்பது இதுதான். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு இதழ் மட்டும், விதையும் வேரும் பேதியாக்கும், அவை சேரவே கூடாது. வெந்நீரில் போட்ட உடனே மை மாதிரி நீலம் இறங்கும். ஆனால் பைன் மரத்தில் ஏமாற்றம்தான், மரத்தின் மஞ்சள் சாயலோடு சேர்ந்து சாம்பல் தட்டிவிடுகிறது. வெள்ளை நெட்டியில்தான் அசல் நீலம். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதா. மஞ்சள் ஏறிய மூங்கிலைக் காயவைத்து மறுபடி இதில் முக்கினால் பாசிப் பச்சை மாதிரி ஒரு நிறம், எனக்கு இருப்பதிலேயே பிடித்தது அதுதான். அலசினால் கணிசமாகக் கரைந்து போகிறது என்பதை மறைப்பானேன். கரைவது மனிதர்கள் பலகாரத்தில் தின்னும் அதே இதழ்ச் சாறு என்பதால் எனக்குக் கவலை இல்லை, நிறம் குறைந்தால் குறையட்டும்.

பீட்ரூட்டை யாரும் சிபாரிசு செய்யாமல் இருக்க மாட்டார்கள். கொதிக்கவைத்தால் பழுப்பாகும், வெளிச்சத்தில் இன்னும் பழுப்பாகும், சாற்றில் சர்க்கரை இருப்பதால் பூஞ்சைக்கும் எறும்புக்கும் விருந்து. கிளிக்குப் பீட்ரூட் தின்னக் கொடுங்கள், மரத்துக்கு வேண்டாம்.

பிறகு வாங்கி வந்த சாப்பாட்டுக் கலர். வெந்நீர், கொஞ்சம் வெள்ளை வினிகர், சில துளி ஈ 133. நிறம் பிரமாதம், கடைப் பொம்மையே தோற்றுவிடும். அலச ஆரம்பித்ததும்தான் கதை தெரிகிறது, தண்ணீர் மாற்ற மாற்ற நீலம் வந்துகொண்டே இருக்கும். இந்த வகைச் சாயங்கள் கம்பளி, பட்டு, தோல் மாதிரி புரதப் பொருளில் புளிப்புச் சேர்ந்தால் கெட்டியாக ஒட்டும், மரத்தில் சும்மா நுண்துளைக்குள் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வினிகர் ஊற்றினால் மரத்திலும் நிறம் நிற்கும் என்று பரவலாகச் சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. அதனால் இந்தக் கலரை மிகவும் நீர்க்கக் கலந்து, தண்ணீர் ஏறக்குறையத் தெளியும் வரை அலசிய துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன், வெளிர் நீலம்தான் மிஞ்சியது.

சிவப்பை முழுக்கவே விட்டேன், காரணம் விஷம் இல்லை, எச்சம். கிளிக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் காட்டுவது எச்சம்தான். சாயம் கரைந்து வயிற்றுக்குள் போனால் எச்சத்தில் நிறம் வரும், பிரில்லியன்ட் ப்ளூ உடம்பில் அதிகம் சேராமல் அப்படியே வெளியே வந்துவிடும், நீல எச்சத்தைப் பார்த்து யாரும் குழம்ப மாட்டார்கள். சிவப்பு வந்தால் ரத்தமா சாயமா என்று எப்படித் தெரியும்? உண்மையிலேயே ரத்தம் போகும் நாளில் 'பொம்மைச் சாயம்தான்' என்று நாம் தேற்றிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன ஆவது? பளிச்சென்ற பச்சையிலும் இதே சிக்கல், கல்லீரல் கெட்டால் எச்சம் பச்சையாகும், அதனால் புட்டிப் பச்சையும் வேண்டாம். கிளிக்கு நிறம் நன்றாகத் தெரியும், நமக்கு நிறம் காட்டும் கூம்புச் செல் 3 வகை என்றால் அதற்கு 4 வகை, புற ஊதாவும் அதில் சேர்த்தி. ஆனாலும் மிட்டாய்ச் சிவப்பு வேண்டும் என்று அடம் பிடிப்பது கிளி இல்லை, பொம்மை வாங்கும் நாம்தான்.

காயவைப்பது பினாங்கில் தனி வேலை. காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, மத்தியானம் மழை வேறு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும் மரம் உள்ளே ஈரமாக இருந்து, கூண்டில் தொங்கவிட்ட பிறகு பூஞ்சை பிடிக்கும், பறவை நுரையீரலுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை எமன். கம்பி வலையில் பரப்பி, மின்விசிறி ஓடவிட்டு, துண்டுகளைச் சின்னதாகவே வெட்டிக்கொண்டதால் சமாளிக்க முடிந்தது. சமையலறைத் தராசில் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, எடை இறங்காமல் நின்ற பிறகுதான் காய்ந்தது என்று கணக்கு. முகர்ந்து பார்த்தால் வினிகர் வாசமும் இருக்கக்கூடாது.

கோப்பதற்கு முன் கடைசிச் சோதனை. ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவைத்து, எடுத்து, ஈர டிஷ்யூவில் அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் லேசாகப் படிந்தது, சங்குப்பூ படிந்தது, புட்டி நீலமும் கொஞ்சம் படிந்தது. மூன்றையும் நான் என் நாக்கில் வைக்கத் தயார் என்பதால் கோத்தேன். ஒன்றுமே படியாத சாயம் வேண்டும் என்றால் நிறமே போடாமல் விடுவதுதான் வழி, என் பொம்மையில் பாதித் துண்டுகள் அப்படி வெறும் மரமாகவே இருக்கின்றன.

தொங்கவிடும் கொக்கி ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் 304. ஹார்ட்வேர் கடையில் வெள்ளையாக மின்னும் சங்கிலி பெரும்பாலும் நாகப்பூச்சுப் போட்டது, நாகம் கிளிக்கு நேரடி விஷம். காந்தம் இழுத்தால் நிச்சயம் வாங்க மாட்டேன், இழுக்காவிட்டாலும் நாகக் கலவை உலோகமாக இருக்கலாம் என்பதால் வினிகரில் ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பேன், குமிழி வந்தால் வேண்டாம். பருத்திக் கயிறு போடவில்லை, நூல் தீவனப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும், குருத்தோலையைத் திரித்தே கட்டினேன். குருத்தோலையில் கெத்துபாட் கூடு, அதாவது மலாய்க்காரர்கள் அரிசி போட்டு வேகவைக்கும் ஓலைக் கூடு, பின்னத் தெரிந்தால் இன்னும் விசேஷம், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) கற்றுக் கொடுத்தார், உள்ளே அரிசிக்குப் பதில் சூரியகாந்தி விதை இரண்டைப் போட்டு மூடினால் கொன்யூர் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடும். கூட்டுக்கு மட்டும் மஞ்சள் ஏற்றினேன்.

காக்கடீல் புதுப் பொருளைக் கண்டால் மிரளும், அதனால் பொம்மை முதலில் கூண்டுக்கு வெளியே, அது பார்க்கும் தூரத்தில் தொங்கியது, அது தானாகக் கிட்டே வந்த பிறகுதான் உள்ளே போனது. கொன்யூருக்கு அந்த மரியாதை எல்லாம் தேவைப்படவில்லை, நெட்டி முதல் நாளே காலி. கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து எச்சத்தைப் பார்த்து வருகிறேன், சாயம் தெரிந்தால் பொம்மையை எடுத்துவிடுவது, எடுத்த மறுநாளும் அதே நிறம் வந்தால் மருத்துவரிடம் தாளோடு தூக்கிக்கொண்டு ஓடுவது என்று வைத்திருக்கிறேன். இதுவரை நெட்டி தின்ற அன்று மட்டும் லேசாக நீலம் தட்டியது, அடுத்த காலை சரியாகிவிட்டது. மிஞ்சிய மஞ்சள் தண்ணீரை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், அடுத்த தடவை மூங்கில் துண்டுகளுக்கு ஆகும். அம்மாவின் பாத்திரத்தில் விளிம்போரம் கொஞ்சம் மஞ்சள் கறை இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.